வில்லுப்பாட்டிலிருந்து வெள்ளித்திரைக்கு: கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் கலைவாழ்வு

சிதறாலும் நாகர்கோவிலும் அடங்கிய பழைய தென்திருவிதாங்கூர் வில்லுப்பாட்டுக்குப் பெயர்பெற்ற நிலமாகும். கதையும் பாட்டும் கேலியும் அறவுரையும் ஒரே மேடையில் கலக்கும் இம்மரபே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவைக்கு அடித்தளம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

நாகர்கோவிலைச் சேர்ந்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29ஆம் நாள் வறிய குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணன், இளமையில் வில்லுப்பாட்டில் பயின்று, பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடிகரானார். 1936இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’ அவருடைய தொடக்ககாலத் திரைப்படங்களுள் ஒன்று. துணைவியார் டி.ஏ. மதுரத்துடனும் தம் குழுவினருடனும் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துப் படங்களில் இணைத்தார். இதனால் நகைச்சுவை, மூலக்கதையைச் சாராது தனிக்கருத்துரைக்கும் உரிமை பெற்றது.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் கைதான அவர், 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார். பிரிவி கவுன்சில் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியதையடுத்து 1947இல் விடுதலையானார். பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் மீளவில்லை. கிருஷ்ணனோ முன்னினும் வெளிப்படையாகச் சமூகம் பேசினார். அண்ணாவின் கதையில் உருவான ‘நல்லதம்பி’யில் (1949) இடம்பெற்ற ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம், நந்தனார் கதையின் வடிவைக் கைக்கொண்டு, ஒடுக்கப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்வதைப் பாடியது. பழைய வடிவில் புதிய பொருளை ஏற்றும் இம்முறை வில்லுப்பாட்டுக் கலைஞருக்கு இயல்பானதே. ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) ஆகியவற்றை அவரே இயக்கினார்.

கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த மறு ஆண்டு, 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள், அவர் மறைந்தார். சிரிப்பைச் சிந்தனைக் கருவியாக்கிய அவரது கலை, நாட்டார் மரபின் நீட்சியாகவே மதிப்பிடத்தக்கது.