டாக்டர் உ. வே. சாமிநாதையரும் சீவக சிந்தாமணியும்

அறிதல் என்னும் சொல் ஒன்றே. அதன் நிலைகளோ பல. ஒரு நூலைப் பெயரளவில் அறிதல் ஒரு நிலை. சொற்பொருள் அறிதல் அடுத்த நிலை. அந்நூல் எந்த நெறியில் தோன்றியதோ, அந்நெறியில் நிற்போர் வாயிலாக அதன் உட்பொருளை உணர்தல் பிறிதொரு நிலை. இம்மூன்றையும் சீவக சிந்தாமணி ஒன்றிலேயே படிப்படியாகக் கண்டவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவார்.

1855ஆம் ஆண்டு பிறந்த அவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சூழலில் வளர்ந்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்து, 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அந்நகருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களையெல்லாம் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி கற்றதுண்டா என்று வினவினார். அந்நூலை ஐயர் அதுவரை கண்டதே இல்லை. தமிழை முற்றக் கற்றோம் என்னும் எண்ணம் அன்றே தளர்ந்தது.

பின்னர் முதலியார் கையெழுத்துப் படி ஒன்றை அளித்தார். ஐயர் படிக்கத் தொடங்கினார். சொற்கள் தமிழாயிருந்தன, நச்சினார்க்கினியர் உரையும் உடனிருந்தது. ஆயினும் ஜைன சமயக் கருத்துகள் வருமிடந்தோறும் பொருள் பிடிபடவில்லை. நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையை ஜைனர்கள் ஏற்காமையால், ஜைன நூல்களைக் கற்றுணர்ந்து மீண்டும் உரை வகுத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. உரையாசிரியர் நடந்த அவ்வழியிலேயே பதிப்பாசிரியரும் நடக்க வேண்டியதாயிற்று.

கும்பகோணத்தில் வாழ்ந்த ஜைன அன்பர்களை ஐயர் நாடினார். சந்திரநாத செட்டியாரின் நட்பு வாய்த்தது. வீடூர் அப்பாசாமி நயினாரின் புலமை துணை நின்றது. பண்டிதர் பலரும் மறந்திருந்த சிந்தாமணி, அவர்தம் இல்லங்களில் முறையாகப் படிக்கப்பட்டு வந்ததையும், படித்து முடித்த நாள் விழாவாகக் கொண்டாடப்பட்டதையும் கண்டு அவர் வியந்தார். ஏட்டில் விளங்காத ஐயங்கள் திண்ணையில் அமர்ந்து கேட்டபோது நீங்கின. அங்கே பெரியோர் கூறியவை அகராதி தரும் பொருள் அல்ல. நாள்தோறும் வழிபாட்டிலும் விரதத்திலும் பயின்று வந்த பொருள்.

கல்லூரி ஆசிரியராக மட்டுமே ஐயரை அறிந்திருந்த அவர்களும் நாளடைவில் அவரை வேறு விதமாக அறிந்தனர். பிற சமயத்தவராயினும் அறநெறியை ஆர்வத்துடன் கேட்ட அவரைப் பவ்விய ஜீவன் என்றே மதித்தனர்.

1887இல் சிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சேறியது. தொடர்ந்து சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலியவற்றையும் பதிப்பித்த ஐயர், 1942இல் மறைந்தார். அப்பெரும் பணிக்கு வாயில் திறந்தது திருத்தக்கதேவரின் காப்பியமே.

மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என ஞானத்தை ஐவகையாக வகுப்பது ஜைன மரபு. அவற்றுள் சுருதம் கேள்வியால் வளர்வது. சொல்வோரும் கேட்போரும் உள்ளவரை வாழ்வது. ஐயர் கேட்க வந்த நாளில், சொல்ல வல்லவர்கள் நம் இல்லங்களில் இருந்தார்கள். ஏட்டைக் காத்த கைகளுக்கு உள்ள பெருமை, அதன் பொருளைக் காத்த அந்தக் குடும்பங்களுக்கும் உண்டு.