தேக்கு விதைத்த கைகள்

நுழையும்முன்

காடு மலையின் ஆடை; ஆற்றின் தாய்வீடு. மரம் வெட்டி அரசுக்கு வருவாய் ஈட்டுவதையே கடமையாகக் கொண்ட ஒரு துறையில் பணியாற்றிக்கொண்டே காட்டை வளர்த்தெடுத்தவர் ஹியூகோ வுட். ஆனைமலையோடு ஒன்றிய அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோடரி புகுந்த காடு

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழுந்து நிற்பது ஆனைமலை. அதன் சரிவுகளில் ஓங்கி வளர்ந்திருந்த தேக்கு, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்குப் பெருந்தேவையாயிற்று. கப்பல் கட்டவும், பின்னர் இருப்புப்பாதைக்குக் குறுக்குக்கட்டைகள் அமைக்கவும் மரங்கள் வீழ்த்தப்பட்டன. யானைகள் இழுத்துவந்த மரங்கள் மலைச்சரிவின் வழியே சமவெளிக்குச் சறுக்கிவிடப்பட்டன. அவ்வாறு சறுக்கிவிடப்பட்ட உச்சியே ‘டாப்சிலிப்’ என்னும் பெயர் பெற்றது.

1856-இல் சென்னை மாகாணத்தின் வனக்காப்பாளராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்கார்ன், வரைமுறையின்றி மரம் வெட்டுவதன் தீங்கை அரசுக்கு உணர்த்தினார். ஆயினும் கோடரியின் ஓசை ஓயவில்லை. பல சரிவுகள் வெறுமையாயின.

வுட் கண்ட வழி

1870-இல் பிறந்த ஹியூகோ வுட், இந்திய வனப்பணியில் சேர்ந்து, 1915-ஆம் ஆண்டையொட்டி ஆனைமலைக்கு வந்தார். அரசோ மரத்தை எதிர்பார்த்தது. மலையோ மரமின்றி வாடியது. இவ்விரண்டுக்கும் இடையே அவர் வழி தேடினார்.

தேக்கை வேரோடு அகழ்ந்தெடுக்காமல், நிலமட்டத்தை ஒட்டி வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். அத்துளிர்களுள் வலியதைக் காத்தால் அது புதிய மரமாகும். ‘மறுதாம்பு’ எனப்படும் இம்முறையை வுட் வலியுறுத்தினார். வெட்டிய பகுதிகள் மீண்டும் தழைக்கும்வரை அவற்றைத் தொடாதிருக்க வேண்டும் என்றும் அரசிடம் வாதாடினார்.

அத்தோடு அவர் அமையவில்லை. சட்டைப்பை நிறையத் தேக்கு விதைகளுடன் நாள்தோறும் மலையேறுவார். கைத்தடியின் முனையால் நிலத்தில் குழியிட்டு, ஒவ்வொரு விதையாக ஊன்றிச் செல்வார் என்பது ஆனைமலைப் பகுதியில் வழிவழியாகப் பேசப்படும் செய்தி.

தேக்கு முதிர்ந்து பயன்தர அறுபது ஆண்டுகளுக்கு மேலாகும். நடுவயதில் விதைத்தவர் அதன் நிழலைக்கூட முழுமையாகக் காண இயலாது. அதனை நன்கறிந்தே அவர் விதைத்தார்.

மலையே நினைவிடம்

காசநோய் அவர் உடலை நலிவித்தது. 1926-இல் பணியிலிருந்து விலகி, குன்னூரில் வாழ்ந்தார். 1933 டிசம்பரில் மறைந்தார். அவர் விரும்பியவாறே அவருடைய உடல் டாப்சிலிப்பில், அவர் வளர்த்த தேக்குகளின் நடுவே அடக்கம் செய்யப்பட்டது. நினைவுச்சின்னத்தைத் தேடி வருவோரைச் சுற்றிலும் நோக்குமாறு பணிக்கும் இலத்தீன் தொடர் அக்கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தில், அதனைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையருகே உள்ளதும் இத்தொடரே. அங்குச் சுற்றிலும் கற்சுவர்கள். இங்குச் சுற்றிலும் உயிருள்ள மரங்கள்.

காடு சொல்லும் பாடம்

தேக்கு மட்டுமே காடாகிவிடாது. பலவகை மரங்களும் புல்வெளியும் சோலையும் சேர்ந்ததே முழுமையான காடு என்பது இன்றைய சூழலியலின் தெளிவு. எனினும், வெறுமையான சரிவு மீண்டும் பசுமையாகும் என்பதை வுட் மெய்ப்பித்தார். ஆனைமலை 1976-இல் வனவிலங்கு உய்விடமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. யானையும் புலியும் காட்டெருதும் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் இன்று அங்கு வாழ்கின்றன. காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினரின் தாயகமும் அதுவே.

வெட்டியவர்களின் பெயர்களை மலை மறந்துவிட்டது. விதைத்தவரின் பெயரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் துளிர்க்கும் தேக்கிலைகள் நினைவூட்டுகின்றன.