போதிதர்மர்: காஞ்சி இளவரசரா, குங்ஃபூ குருவா? வரலாறு சொல்வது என்ன?

2011-ல் வெளியான ‘7 ஆம் அறிவு’ படத்துக்கு அப்புறம் தமிழ்நாட்டில் போதிதர்மரைத் தெரியாதவங்க குறைவு. காஞ்சிபுரத்திலிருந்து சீனா போய் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் என்பதுதான் பரவலான நம்பிக்கை. இதில் எது வரலாறு, எது கதை?

எந்த ஊர்க்காரர்?

போதிதர்மர் வாழ்ந்தது 5, 6-ஆம் நூற்றாண்டுகளில். 547-ல் எழுதப்பட்ட சீன நூல் ஒன்று அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. சீடர் பெயரில் உள்ள ஒரு முன்னுரையோ தென்னிந்திய அரசரின் மூன்றாவது மகன் என்கிறது. 1004-ல் தொகுக்கப்பட்ட நூலில் அந்த நாட்டின் பெயர் ‘சியாங்-சி’. இது காஞ்சிதான் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கணிப்பு.

அதற்கு வாய்ப்பும் இருக்கு. 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் சுமார் 100 பௌத்த மடங்களும் 10,000 துறவிகளும் இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்.

சீனாவில் என்ன செய்தார்?

கடல் வழியாகத் தென் சீனா போன போதிதர்மர், பேரரசர் வூ-வைச் சந்தித்தாராம். கோயில்கள் கட்டியதற்கு என்ன புண்ணியம் கிடைக்கும் என்று பேரரசர் கேட்க, ஒன்றும் கிடைக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வடக்கே கிளம்பிவிட்டாராம். ஷாவோலின் கோயில் அருகே ஒரு குகையில் 9 ஆண்டுகள் சுவரைப் பார்த்தபடி தியானம் செய்தார் என்கிறது மரபு. ஹூய்கே என்பவர் அவருடைய முக்கியச் சீடர்.

குங்ஃபூ எப்படி வந்தது?

ஷாவோலின் கோயில் உருவானது 495-ல். அதை போதிதர்மர் கட்டவில்லை. வேறொரு இந்தியத் துறவியான பத்ராவுக்காகக் கட்டப்பட்டது அது. பழைய நூல்கள் எதிலும் போதிதர்மர் சண்டை கற்றுக்கொடுத்ததாக ஒரு வரி கூட இல்லை. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் ‘யி ஜின் ஜிங்’ உடற்பயிற்சி நூல், 17-ஆம் நூற்றாண்டில் யாரோ எழுதி அவர் பெயரைப் போட்டது என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு. குங்ஃபூ கதை பரவியது அதற்கும் பிறகுதான்.

ஜப்பான் வரை போன பெயர்

1947-ல் ஜப்பானின் ககாவா மாகாணத்தில், தாதோட்சு என்ற ஊரில் ‘ஷோரின்ஜி கெம்போ’ என்ற தற்காப்புக் கலைப் பள்ளியைத் தொடங்கினார் தோஷின் சோ. ஷாவோலின் கோயில் என்பதன் ஜப்பானிய உச்சரிப்புதான் ஷோரின்ஜி. அங்கே அடி, பிடியோடு தியானமும் பயிற்சியின் ஒரு பகுதி. போதிதர்மரை ஜப்பானியர் அழைப்பது ‘தருமா’ என்று. வேண்டுதல் வைத்து ஒரு கண்ணை வரைந்து, நிறைவேறியதும் மறு கண்ணை வரையும் சிவப்பு தருமா பொம்மை அங்கே ரொம்பப் பிரபலம்.

அப்போ காஞ்சிக்கு என்ன பெருமை?

தியானம் என்ற சொல் சீனாவில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆனது. சீனாவில் அந்த மரபின் முதல் குருவாக இன்றும் மதிக்கப்படுபவர் போதிதர்மர். அவர் உதைக்கக் கற்றுக்கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனா, உட்காரக் கற்றுக்கொடுத்தவர் என்பதில் பழைய நூல்களும் மரபும் ஒத்துப்போகின்றன.