இருபத்தேழு வயதில் நின்றுபோன குரல்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் கிளப் ஹவுஸில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் போட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெளியே மூடுபனி, உள்ளே சூடான டீயும் வர்க்கியும். அது 1959-இல் பிராட்வேயில் மேடை நாடகமாக வந்து, 1965-இல் படமானது. பிராட்வே என்றதும் நம்மில் பலருக்குச் சென்னை பாரிமுனை பஸ் நிலையம்தான் ஞாபகம் வரும். இது நியூயார்க் பிராட்வே. பாட்டு நாடகங்களுக்குப் பேர்போன தெரு.

படம் முடிந்து படியிறங்கும்போது பக்கத்து பிளாக்கைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், தமிழில் இப்படிப் பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகங்கள் இருந்ததில்லையா என்று கேட்டார். இருந்தன. நூறு வருஷத்துக்கு முன் ஊரெல்லாம் இருந்தன. அவற்றுக்கு ஒரு முடிசூடா மன்னரும் இருந்தார். அவர்தான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25-ஆம் தேதி செங்கோட்டையில் பிறந்தார். அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. தந்தை பெயர் கங்காதர ஐயர். பெரிய குடும்பம், சிறிய வருமானம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு நாடகக் கம்பெனிதான் பள்ளிக்கூடம், அதுவேதான் சாப்பாடும். அண்ணன்மார் போன வழியில் கிட்டப்பாவும் போனார். பள்ளியில் சேரவேண்டிய வயதில் மேடை ஏறிவிட்டார்.

அவருக்கு வாய்த்த ஆசிரியர் லேசுப்பட்டவர் அல்ல. தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி என்று அவர் எழுதிய நாடகங்களில் வசனத்தைவிடப் பாட்டு அதிகம். பின்னர் கிட்டப்பா கன்னையா கம்பெனிக்குப் போனார். காட்சி ஜோடனைக்கு அந்தக் கம்பெனியை மிஞ்ச ஆளில்லை. அங்கே தசாவதாரம் நாடகத்தில் நடித்து, இருபது வயதுக்குள் தென்னாடு முழுக்கப் புகழ் பெற்றுவிட்டார்.

அவர் மேடையில் மைக் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் பாட்டுப் போய்ச் சேரவேண்டும். சாதாரணமாக ஆண்கள் பாடும் சுருதியைவிட வெகு உயரத்தில், ஐந்து கட்டைக்கு மேல் அவர் பாடினார். அந்த உயரத்திலும் குரல் கத்தலாகாது. ஹார்மோனியத்தில் அவருடைய சகோதரர் காசி ஐயர் கூடவே வருவார்.

இனி என் சொந்த அபிப்பிராயம். சங்கீதம் படித்தவன் அல்ல நான். பி.காம். முடித்து, வங்கியில் லெட்ஜர் புரட்டி ஓய்வு பெற்றவன். இணையத்தில் கிடைக்கிற கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பாட்டுகளை, மாலை நடை முடித்து வந்து, மூன்று வாரம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதல் நாள் ஏமாற்றம்தான். ஒரே இரைச்சல், அடுப்பில் ஏதோ பொரிகிற மாதிரி. மூன்றாம் நாள் காது பழகிவிட்டது. நான்காம் நாள் 'எவரனி' என்ற தியாகராஜர் கீர்த்தனையைக் கேட்டபோது கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தேவாமிர்தவர்ஷினி ராகம். சொல்லுக்குச் சொல் மின்னல் வேகத்தில் பிருகா, ஆனால் ஒரு எழுத்தும் சிதையவில்லை. வள்ளலார் பாடலை விருத்தமாகப் பாடியிருக்கிறாரே, அதில் வேறு மனிதர். அங்கே நிதானம், கெஞ்சல். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடித்தது.

குறையும் சொல்கிறேன். வள்ளியைத் தேடிக் காட்டுக்கு வந்த வேடன், வந்த வேலையை மறந்து நீளமாக ராகம் பாடிக்கொண்டிருந்தால் கதை என்ன ஆவது? பிராட்வேயில் பாட்டு கதைக்குக் கட்டுப்பட்டது; எழுதியபடிதான் பாடவேண்டும். நம் மேடையில் கதை பாட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றது. ஜனங்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அவரும் பாடுவார். எனக்குக் கதையும் வேண்டும் என்பதால் இதை முழுதாக ரசிக்க முடியவில்லை. ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும். விடிய விடிய நடந்த ஒரு நாடகத்தை அடக்கவே நூறு பக்கங்கள் போதாது. நமக்குக் கிடைத்திருப்பது பெரிய கணக்கின் கடைசி இருப்புத் தொகை மட்டும். நடுவிலே நடந்த வரவு செலவெல்லாம் அந்தக் கொட்டகைகளோடு போய்விட்டது.

1926-இல் கிட்டப்பா இலங்கைக்கு நாடகம் போடப் போனார். அங்கே கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் ஏற்கெனவே பெரும்புகழோடு நடித்துக்கொண்டிருந்தார். ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைச் சிறுமியாகக் கண்டெடுக்கப்பட்டு மேடைக்கு வந்தவர் அவர். கொழும்பில் இருவரும் வள்ளி திருமணத்தில் சேர்ந்து நடித்தார்கள். ஒருவர் ஏற, மற்றவர் அதற்கு மேல் ஏற, கூட்டம் வீட்டுக்குப் போக மறந்தது. மறு வருஷமே, 1927-இல், திருமணம். அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க்கில் 'ஷோ போட்' அரங்கேறியது. நவீன பிராட்வே நாடகத்தின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். உலகின் இரண்டு மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே காலத்தில் பாட்டு நாடகம் உச்சத்துக்குப் போனதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இதுவரை எழுதியது சுலபம். அடுத்த பகுதிதான் என்னை மூன்று வாரம் உறுத்தியது.

சுந்தராம்பாளை மணந்தபோது கிட்டப்பா ஏற்கெனவே திருமணமானவர். சாதி வேறு, குடும்பத்தின் எதிர்ப்பு வேறு. சேர்ந்து கம்பெனி நடத்தினார்கள், புகழும் பணமும் கொட்டின. ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. பிறந்த ஆண் குழந்தை சில நாள்களிலேயே இறந்தது. மனஸ்தாபம் வளர்ந்து பிரிந்தார்கள். சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்தன. கோபமும் ஏக்கமும் சுயமரியாதையும் கலந்த கடிதங்கள் அவை. படித்தால், அந்த அழகான குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு பெண்ணை எவ்வளவு காக்கவைத்தார் என்பது புரிகிறது.

கிட்டப்பாவின் உடம்பும் கெட்டது. ஓய்வில்லாத இரவுகள், குடிப்பழக்கம், வயிற்று நோய். 1933 டிசம்பர் 2-ஆம் தேதி காலமானார். வயது 27. தமிழில் பேசும்படம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. எப்படி நடந்தார், எப்படிக் கையசைத்தார் என்பதைக் காட்ட நம்மிடம் படச்சுருள் எதுவும் இல்லை.

அப்போது சுந்தராம்பாளுக்கு 25 வயது. அன்று முதல் வெள்ளைப் புடவை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேஷத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! பிறகு 1953-இல் ஔவையார் ஆனார். சட்ட மேலவை உறுப்பினரானார், பத்மஸ்ரீ பெற்றார். 1980-இல் மறையும் வரை அந்த வெள்ளைப் புடவையை மாற்றவில்லை.

கிட்டப்பாவோடு அவருக்கு வாய்த்தது ஏழு வருஷம்கூட இல்லை. காத்த நோன்பு 47 வருஷம். இந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை. என் தலைமுறைக்கு இதைத் தெய்வீகக் காதல் என்றே சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே நம்பினேன். இப்போது பேத்திகளுக்குத் தாத்தாவான பிறகு, அதே வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாளின் உறுதி பெரியது. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. ஒன்றைப் புகழ்ந்து மற்றதை மறைத்தால் அது பொய்க்கணக்கு.

அப்படியானால் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கலாமா? கேட்கலாம் என்றே நினைக்கிறேன். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதோடு சுந்தராம்பாளின் பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்று 27 வயதில் நின்றுபோன குரல்; மற்றொன்று துக்கத்தோடு வயதாகிக் கனிந்த குரல். இரண்டும் சேர்ந்தால்தான் கதை முழுமை.

வள்ளி திருமணம் இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கிறது. மலையிலிருந்து இறங்கிப் போக முடிந்தவர்கள் ஒரு தரம் போய்ப் பாருங்கள். முடியாதவர்களுக்காக, சங்கம் அனுமதித்தால், அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மாலை கிளப் ஹவுஸில் இந்தப் பாட்டுகளை ஒரு மணி நேரம் போட்டுக் கேட்கலாம். முதல் பத்து நிமிஷம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டீக்கும் வர்க்கிக்கும் நான் பொறுப்பு.