ஒரே ஆண்டில் மூன்று முகங்கள்: மேடைக்காகத் திரையில் உழைத்த உத்பல் தத்

கொல்கத்தா: 1979-ஆம் ஆண்டில் வெளியான மூன்று திரைப்படங்களில் அந்த நடிகரைப் பார்த்தவர்கள், மூவரும் ஒருவரே என நம்பத் தயங்கியிருக்கக் கூடும். சத்யஜித் ராயின் 'ஜெய் பாபா பெலுநாத்' படத்தில் காசியில் இருந்தபடி பழங்காலப் பொருள்களைக் கடத்தும் மகன்லால் மேக்ராஜ். 'தி கிரேட் கேம்ப்ளர்' படத்தில் குற்றக் கும்பலின் தலைவன். ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'கோல் மால்' படத்தில் மீசை இல்லாத இளைஞனை நம்பவே கூடாது எனக் கருதும் முதலாளி பவானி சங்கர். மூன்று வேடங்களையும் ஏற்றவர் வங்காள நாடகக் கலைஞர் உத்பல் தத்.

1929 மார்ச் 29-இல் பிறந்த தத், கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். மாணவப் பருவத்திலேயே ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்த அவரை, இங்கிலாந்து நடிகர் ஜெஃப்ரி கெண்டல் தமது சுற்றுப்பயண நாடகக் குழுவில் சேர்த்துக்கொண்டார். எனினும், ஆங்கிலம் அறிந்த சிலருக்காக மட்டும் நடிப்பதில் தத்துக்கு மனநிறைவு இல்லை. தாம் தொடங்கிய லிட்டில் தியேட்டர் குரூப்பை 1950-களின் தொடக்கத்தில் வங்க மொழிக்குத் திருப்பினார். 1959-இல் மினர்வா அரங்கில் அவர் மேடையேற்றிய 'அங்கார்' நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றியது. வெள்ளம் புகுந்து சுரங்கம் மூழ்கும் காட்சியைத் தபஸ் சென் ஒளியமைப்பால் மட்டுமே உருவாக்கினார், இசை ரவிசங்கர்.

1965-இல் வந்த 'கல்லோல்' 1946-ஆம் ஆண்டின் கடற்படைக் கிளர்ச்சியைப் பேசியது. அதே ஆண்டில் தத் தடுப்புக் காவலில் சிறையில் அடைக்கப்பட்டார். மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார். அவர் இல்லாதபோதும் நாடகத்துக்குக் கூட்டம் குறையவில்லை.

மார்க்சியத்தில் உறுதியான பற்றுக் கொண்ட ஒருவர் வணிகப் படங்களில் வில்லனாகவும் கோமாளியாகவும் வந்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் அதற்கான காரணத்தை அவர் மறைத்ததில்லை. நாடகக் குழுவை நடத்தப் பணம் தேவைப்பட்டது. அதைத் திரைப்பட ஊதியம் ஈடுகட்டியது. பிழைப்புக்காக ஏற்ற வேடம் என்றாலும், அதில் அவர் அரைமனதுடன் நடித்ததாகச் சொல்ல முடியாது என்பதே வியப்பு.

திரையில் அவருக்குத் திருப்புமுனை, மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969). கண்டிப்பு மிக்க ரயில்வே அதிகாரி ஒருவர் பறவை வேட்டைக்காகக் குஜராத் செல்கிறார். அங்கே ஒரு கிராமத்துப் பெண்ணைச் சந்தித்து மெல்ல இளகுகிறார். லஞ்சப் புகாரில் தாம் தண்டிக்க நினைத்த ஊழியரின் மனைவியே அவள் என்பது தெரிந்த பின், அவரது விறைப்பு நிலைகுலைகிறது. இப்படத்துக்காகத் தத் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

பத்தாண்டுகள் கழித்து நகைச்சுவையிலும் அந்த விறைப்பையே அவர் முதலீடாக்கினார். பவானி சங்கர் சிரிப்பை மூட்டுவது, தாம் ஏமாறுகிறோம் என்பதை அறியாமல் கடைசி வரை கொள்கைப்பிடிப்புடன் இருப்பதால்தான். 'கோல் மால்', 'நரம் கரம்', 'ரங் பிரங்கி' ஆகிய மூன்று படங்களுக்கும் அவர் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்பேர் விருது பெற்றார். 'கோல் மால்' படத்தைத் தழுவி 1981-இல் கே. பாலசந்தர் இயக்கிய 'தில்லு முல்லு' படத்தில், தத்தின் வேடத்துக்கு இணையான முதலாளி வேடத்தைத் தேங்காய் சீனிவாசன் ஏற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

1980-இல் ராயின் 'ஹிராக் ராஜார் தேஷே' படத்தில் வைரச் சுரங்கங்களை ஆளும் கொடுங்கோல் மன்னனாகத் தத் தோன்றினார். பள்ளியை மூடுகிறான், நூல்களை எரிக்கிறான், எதிர்ப்பவர்களின் மூளையை இயந்திரத்தால் சலவை செய்கிறான். இறுதியில் அதே இயந்திரத்தில் தள்ளப்படும் மன்னன், தன் சிலையைக் கவிழ்க்கும் கயிற்றைத் தானும் சேர்ந்து இழுக்கிறான். நெருக்கடி நிலை முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அடக்குமுறையைச் சிறைக்குள் இருந்து கண்டவர் அதன் அதிபதியாக நடித்தபோது, மன்னனை அரக்கனாக அன்றி அற்பனாகக் காட்டினார்.

ராயின் கடைசிப் படமான 'ஆகந்துக்'கில் (1991) நாயகன் தத்தான். 35 ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பும் தாய்மாமன் மன்மோகன் மித்ராவை, உறவினர்கள் போலியோ எனச் சந்தேகிக்கின்றனர். நாகரிகம் என்றால் என்ன என்று குடும்ப நண்பரான வழக்குரைஞருடன் அவர் நடத்தும் வாதத்தில் குரல் உயர்வதே இல்லை. மேடையில் முழங்கிப் பழகிய நடிகருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

1993-இல் வெளியான கௌதம் கோஷின் 'பத்மா நதிர் மாஜி' படத்தில், வறிய மீனவர்களைத் தன் தீவில் குடியேற்றும் வணிகர் ஹொசைன் மியானாக அவர் நடித்தார். நல்லவரா, கெட்டவரா என எளிதில் முடிவு கட்ட இயலாத பாத்திரம் அது. அவ்வாண்டு ஆகஸ்ட் 19-இல் கல்கத்தாவில் மாரடைப்பால் தத் காலமானார். அப்போது அவருக்கு வயது 64.