வைத்தியர் ஜெர்டன்

சர்வேசுரனுடைய சிருஷ்டிகளை ஆராய்வதிலேயே ஆயுளைச் செலவிட்டவர்களுள் தாமஸ் ஜெர்டன் ஒருவர். 1811-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1836-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியராய்ச் சென்னை வந்து சேர்ந்தார். வைத்தியம் பிழைப்பு, மனமோ பறவைகள் மேல்.

தாம் சேகரித்த பறவைகளை, இன்னின்ன வகையென்று சொல்லும்படி ஸ்காட்லாந்து அறிஞர் ஜார்டினுக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது அவற்றைப் பூச்சி அரித்திருந்தது! சரக்கைக் கப்பலேற்றிவிட்டுக் காத்திருக்கும் நம் ஊராருக்கு அந்த மனக்கிலேசம் தெரியும். அதன்பின் ஜெர்டன் தம் கண்ணையே நம்பினார். 1839-ல் அச்சேறத் தொடங்கிய அவருடைய பட்டியலில் சுமார் 420 வகைகள் இடம்பெற்றன.

நெல்லூரில் இருந்த காலத்தில் யானாதி மக்களிடம் காட்டு ஜீவன்களின் வழக்கங்களைக் கேட்டறிந்தார். எழுத்தறியாதவர்களென்று அவர்களை ஒதுக்கவில்லை. 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூலில், லத்தீன் பெயரோடு தமிழ், தெலுங்குப் பெயர்களும் ஏறின. துரைமார் எழுதிய நூல்களில் இது பெரிய காரியந்தான். எறும்புகளையும் அவர் விடவில்லை: எகிறிப் பாயும் எறும்பொன்றை 1851-ல் முதலில் விவரித்தவர் அவரே.

1872-ல் இங்கிலாந்தில் காலமானார். புதர்க்காட்டில் இரவில் ஓடித் திரியும் பறவையொன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1900-க்குப் பின் அது கண்ணில் படாததால், அற்றுப்போயிற்றென்றே அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். 1986 ஜனவரியில் கடப்பை ஜில்லாவில் அது மறுபடி அகப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் தேடிய அப்பறவையைப் பிடித்துக்கொடுத்தவர், அவ்வூர்ப் பறவை வேடர் ஒருவர்.