சிவாவின் நோயும் நமது கடமையும்

ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவின் சிறைவாசத்தையும் வீரப் பிரசங்கங்களையும் நாம் போற்றிப் பேசுகிறோம். அவரது சரீரத்தை அழித்த நோயைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. இந்த மௌனம் அவருக்குச் செய்யும் மரியாதை அன்று என்பதே நமது அபிப்பிராயம்.

1884-ஆம் வருஷம் வத்தலக்குண்டில் பிறந்த சிவா, வாலிபப் பருவத்தில் திருவனந்தபுரத்தில் தர்ம பரிபாலன சமாஜம் அமைத்துத் தேசபக்தியைப் போதித்தார். தேங்காய்ப்பட்டணமும் அந்நாளில் அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை வெளியேற்றியது. அவர் தூத்துக்குடி சேர்ந்து, ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் தோள் கொடுத்தார். 1908-இல் ராஜத்துரோக வழக்கில் விதிக்கப்பட்ட பத்து வருஷ தீவாந்தர சிட்சை, அப்பீலில் ஆறு வருஷமாயிற்று. 1912-இல் விடுதலையானபோது அவரைக் குஷ்டரோகம் பற்றியிருந்தது.

நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873-இல் கண்ட கிருமியே இந்நோய்க்குக் காரணம். உடலின் குளிர்ந்த பாகங்களான தோல், மூக்கு, காது, தோலை அடுத்த நரம்புகள் ஆகியவற்றையே அது நாடுகிறது. நரம்பு கெட்டதும் சூடு, குளிர்ச்சி அறியும் உணர்ச்சி முந்தி மறைகிறது. அவ்விடத்தில் வியர்வையும் வற்றுகிறது. அனலில் பட்ட கை, சுடுவதை அறியாமலே வெந்துபோகிறது. புண்பட்ட பாதம், வலியின்றி நடந்து மேலும் புண்ணாகிறது.

இத்தகைய நோயாளியை ரயிலில் ஏறக்கூடாதென்று அந்நிய சர்க்கார் தடுத்தது. சிவா ஓய்ந்து உட்காரவில்லை. கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்று பிரசாரம் புரிந்தார். 1913-இல் 'ஞானபானு' பத்திரிகையைத் தொடங்கினார். 1921-இல் மீண்டும் சிறை புகுந்தார். பாப்பாரப்பட்டியில் அவர் எண்ணிய பாரதமாதா ஆலயத்துக்கு 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ஆம் தேதி, நாற்பதே வயதில், சிவா அவ்வூரிலேயே காலமானார்.

அவருக்குக் கிட்டாத சிகிச்சை இன்று நமக்கு உண்டு. 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த கூட்டு மருந்து, ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோயைத் தீர்க்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. நோயாளிகளை ஒதுக்கிவைக்க அந்நியர் இயற்றிய 1898-ஆம் வருஷத்துச் சட்டமும் 2016-இல் ரத்தாயிற்று. ஆயினும் அண்டை வீட்டார் தள்ளிவைப்பாரென்ற அச்சத்தால் நோயை மறைத்து, கை கால்களை இழப்போர் இன்னமும் இருக்கின்றனர்.

சிவாவின் படத்துக்கு மாலை சூட்டும் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இதுவே: சூடு உறைக்காத தேமல் ஒருவருக்கு இருப்பதாக அறிந்தால் அவரைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ரயிலில் அவர் பக்கத்தில் தயங்காமல் உட்காருங்கள். சிவாவுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அதுவே.